தண்ணி ஊத்தாதீங்க, ப்ளீஸ்!

"ஏனுங்க... காசு குடுத்து முள்ளு வாங்கிட்டு வந்தீங்களாக்கும்?"

எலுமிச்சம்பழ சைஸில் ஆறு குட்டிக் கள்ளிகளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவியிடமிருந்து கிடைத்த வரவேற்பு இது. நான் அசரவில்லை. பி.காம். புத்தி கணக்குப் போட்டிருந்தது. ரோஜா மாதிரி உரம் கேட்காது, நாய் மாதிரி பிஸ்கட் கேட்காது. செலவில்லாத முதலீடு!

தினமும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் நாலு அவுட்! தொட்டால் அழுகின தக்காளி மாதிரி கொழகொழ. மிச்சமிருந்த இரண்டின் தொட்டி ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாய் உப்பு.

அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். கள்ளிக்கு உடம்பேதான் தண்ணீர்த் தொட்டி. இலைகள் முள்ளாகிவிட்டன. பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கிற கஞ்சப் பிரபு! ஈரத்திலேயே நின்றால் வேர் அழுகிவிடும். மண்ணில் பாதிக்கு மணலும் பொடி ஜல்லியும் கலக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். குளிர்காலத்தில் கிட்டத்தட்ட பட்டினி. அப்படிப் போட்டால்தான் மாமில்லேரியா வகை நன்றாகப் பூக்குமாம்.

சரி, உப்பு? அது நம்ம திருப்பூர் போர் தண்ணீர் உபயம்! சாயக்கழிவு நொய்யலில் கலந்து, நிலத்தடியிலும் இறங்கி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போடும் அளவுக்குப் போன கதை ஊரறிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற டாக்டர், சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். எதற்கு? சாயத்துக்கு! கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து ரத்தச் சிவப்புச் சாயம் எடுக்கலாம். அன்றைக்குச் சாயத்துக்காகக் கள்ளி வளர்த்தார்கள். நானோ சாய உப்பிலிருந்து கள்ளியைக் காப்பாற்ற மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்கிறேன்!

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூவோடு இருந்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டி விற்கிற புண்ணியவான்களும் உண்டு.

போன மாசியில் ஒருநாள் காலை, இரண்டில் ஒன்றின் தலையைச் சுற்றி கிரீடம் மாதிரி குட்டிக் குட்டியாய் ரோஸ் நிறப் பூக்கள்! பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், காஞ்சு கெடக்குது" என்று சொம்பைத் தூக்கினார்.

மாடிப்படியிலிருந்து ஓர் அலறல்:

"ஐயோ அக்கா, தண்ணி ஊத்திராதீங்க! செத்துப் போயிரும்!"

குரல் என்னுடையது அல்ல. என் மனைவியுடையது!