ஓவாஹுத் தீவின் மலைநடைச் சங்கம்

பசிபிக் மாகடலின் நடுவே, கலிபோர்னியாக் கரையினின்று இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவில், ஹவாயித் தீவுகள் கிடக்கின்றன. அவற்றுள் ஓவாஹு என்பது பரப்பில் மூன்றாவது. ஏறக்குறைய 600 சதுர மைல். தலைநகராகிய ஹொனலுலுவும், உலகெங்கும் பெயர் பெற்ற வைக்கிக்கிக் கடற்கரையும் இத்தீவிலேயே உள்ளன. வந்துபோகும் யாத்திரிகருட் பெரும்பாலார் கடலையே நோக்கியிருந்து, கடலையே பேசித் திரும்புவர். அவர் முதுகுக்குப் பின்னே நிற்கும் மலைகளை அறிந்தவர் சிலரே. அம்மலைகளில் நூறாண்டுக்கு மேலாகக் கூட்டங்கூடி நடந்துவரும் ஒரு சங்கத்தைக் குறித்து ஈண்டுச் சில கூறுவோம். மலையேறுதல் பொழுதுபோக்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும், பலர் கூடி முறைப்பட நடத்தும்போது அப்பொழுதுபோக்கே மலைவழிகளைச் சாகாமற் காக்கும் தொழிலாகவும் ஆகிவிடுவதை இச்சங்கத்தின் நடைமுறையிற் காணலாம்.

முதலில் மலையைப் பார்ப்போம். ஓவாஹுத் தீவு முழுவதும் எரிமலையின் வேலை. கடலடியிலிருந்து எழுந்த இரண்டு பெரிய எரிமலைகள் அவிந்தபின், மழையும் ஆறும் அலையும் அவற்றை அரித்து இரண்டு நீண்ட தொடர்களாக விட்டுவைத்தன. மேற்கிலுள்ளது வையனாய்த் தொடர். தீவின் மிக உயர்ந்த காலா என்னும் சிகரம் 4,025 அடி உயரமுள்ளதாய் அதிலே நிற்கின்றது. கிழக்கிலுள்ளது கோவோலாவ் தொடர். அதன் உயரம் 3,150 அடியைத் தாண்டுவதில்லை. உயரத்தைக் கேட்டு, இவை சிறு குன்றுகள் அல்லவோ என்று இகழற்க. வடகீழ்த்திசையினின்று ஆண்டில் பெரும்பகுதியும் ஓயாது வீசும் வியாபாரக் காற்று கோவோலாவ் முகட்டில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகின்றது. வைக்கிக்கியில் ஆண்டொன்றுக்கு 25 அங்குலத்துக்கும் குறைந்த மழை. ஆறேழு மைலுக்குள் மலைமுகட்டில் 150 அங்குலத்துக்கும் மிகுதி. இம்மழை பாறையை அறுத்தறுத்து, கத்தியின் வாய் போன்ற கிளைமுகடுகளையும் செங்குத்தான பள்ளத்தாக்குகளையும் உண்டாக்கியிருக்கின்றது. சிலவிடங்களில் வழியின் அகலம் இரண்டடிக்கு மேல் இராது, இருபுறமும் பாதாளம்.

இத்தகைய மலைகளில் நடப்பதற்கென்றே 1910-ஆம் ஆண்டில் 'ஹவாயி வழி மலைச் சங்கம்' தோன்றியது. தோற்றுவித்தவர் அலெக்ஸாந்தர் ஹியூம் போர்டு என்னும் அமெரிக்கர். இவர் ஓரிடத்தில் சும்மா இருக்கமாட்டாத மனிதர். 1907-இல் அங்கு வந்திறங்கியவர், அலைமேற் பலகையூர்ந்து செல்லும் பழைய ஹவாயி விளையாட்டைக் கற்று, எழுத்தாளர் ஜாக் லண்டனுக்கும் அதன் சுவையைக் காட்டினார். 1908-இல் அதற்கொரு சங்கம் கண்டார். இரண்டாண்டு கழித்து மலைக்கும் ஒன்று கண்டார். அவர் கண்ட சங்கங்கள் இரண்டும் அவருக்குப் பின்னும் நிலைத்தன. தொடங்கினவரோடு மடியும் சங்கங்கள் எத்தனையோ உள. நம் கல்லூரியிலேயே அவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, அவர்கள் நடக்கும் முறை. பல ஆண்டுகள் ஈயோலானி அரண்மனையருகே, மலைப்பக்கத்து வாயிற்புறத்தில், ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குக் கூடுவது அவர்கள் வழக்கமாயிருந்தது. 'மலைப்பக்கம்' என்றதற்குக் காரணம் உண்டு. அத்தீவினர் வழி சொல்லும்போது வடக்கு தெற்கு என்பது அருமை. மலையை நோக்கிய திசை 'மவுக்கா', கடலை நோக்கிய திசை 'மக்காய்'. தபாற்காரரும் போலீஸ்காரரும் இச்சொற்களையே வழங்குவர். வட்டமான தீவிற்கு இதனினும் பொருத்தமான திசைப்பெயர் இராது. கூடினவர்கள் மோட்டார் வண்டிகளைப் பங்கிட்டுக்கொண்டு மலையடிக்குச் செல்வர். கூட்டத்தில் பள்ளி மாணவன் இருப்பான். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற கிழவர் இருப்பார். பட்டாளத்துச் சிப்பாயும் பல்கலைக்கழக ஆசிரியரும் அடுத்தடுத்து நடப்பர். அங்கத்தினரல்லாதாரும் சிறு தொகை கொடுத்து உடன் வரலாம். ஒவ்வொரு நடைக்கும், புதியோர்க்கு ஏற்றது, நடுத்தரமானது, பழகினோர்க்கே உரியது என்று தரம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். தம் ஆற்றலை அறியாமல் மூன்றாந்தரத்து நடைக்கு வந்து நிற்பவரை, வழித்தலைவர் இன்சொற் கூறித் தடுப்பதும் உண்டு.

வழித்தலைவர் முன்னே செல்வார். பிரிவு வருமிடங்களில் நிறத்துணி நாடாவை மரக்கிளையிற் கட்டியேனும், தாமே நின்றேனும் வழி காட்டுவார். நடுவில் செல்வோர் தத்தம் வேகத்தில் செல்லலாம். ஆனால் யாவர்க்கும் பின்னே ஒருவர் வருவார். அவரைக் கடைக்காவலர் என்போம். அவருக்குப் பின்னே ஒருவரும் இருத்தலாகாது. கால் சுளுக்கியவர், நீர் தீர்ந்தவர், நிழற்படம் எடுப்பதில் மெய்ம்மறந்தவர் ஆகிய அனைவரும் ஈற்றில் அவர் பொறுப்பே. முன்னே செல்பவருக்குப் புகழ். பின்னே வருபவருக்கு வேலை. முகட்டை அடைந்து காட்சி காணும் பேறு அவருக்குப் பல நாட்களில் வாய்ப்பதில்லை. அனுபவமுள்ளவரையே அவ்விடத்தில் அமர்த்துவர் என்பதே அதன் அருமையைக் காட்டும்.

புலியும் கரடியும் இல்லாத தீவில் இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். பாம்பும் இல்லை, நம் பூந்தொட்டிகளின் கீழ்க் காணும் புழுப்பாம்பு ஒன்றே தொட்டி மண்ணோடு அங்குக் குடியேறியிருக்கின்றது. அபாயம் விலங்கினால் அன்று, நிலத்தினாலும் நீரினாலும் வருவது. அங்குள்ள பாறை வெப்பத்தாலும் மழையாலும் நைந்து உளுத்தது. கைப்பிடியென்று பற்றிய கல் கையோடே வந்துவிடும். 'உலுஹே' என்னும் பெரணி, முகட்டின் விளிம்புக்கு அப்பாலும் மெத்தை போலப் படர்ந்து, நிலம் முடிந்த இடத்தையும் நிலம்போலக் காட்டும். அதன்மேற் காலை வைத்தவன் பள்ளத்திற் காலை வைத்தவனே. முன் சென்றோர் செங்குத்தான இடங்களில் கட்டிவிட்ட பழங்கயிறுகள் தொங்கும். எத்தனை மழை கண்ட கயிறென்று எவரறிவார்? அதனை நம்பி முழு உடலையும் தொங்கவிடலாகாது என்பது புதியோர்க்குச் சொல்லும் பாடங்களுள் ஒன்று. ஓடைநீர் பளிங்குபோல் இருக்கும். எலியும் காட்டுப்பன்றியும் கலக்கிய அந்நீரால் எலிக்காய்ச்சல் வரும். பொழுதும் ஏமாற்றும். வெப்பமண்டலத்தில் மாலையந்தி நீண்டு நிற்பதில்லை. சூரியன் சாய்ந்த சிறிது நேரத்தில் காடு இருண்டுவிடும். மாலை ஒளி எட்டு மணிக்கு மேலும் நிற்கும் தேசங்களினின்று வருவோர் இதனை மறந்து, இன்னும் சிறிது தூரம் என்று சென்று, விளக்கின்றி முகட்டில் இரவைக் கழிப்பர். ஆதலால், முகட்டை அடைந்தாலும் அடையாவிட்டாலும் இன்ன மணிக்குத் திரும்புவதென்று முன்னரே குறித்துக்கொள்ளுதல் நன்று. முகடு கண்ணெதிரே தெரியும்போது திரும்புவதைக் காட்டிலும் கடினமான செயல் மலைநடையில் வேறில்லை.

கூட்டமாகச் செல்வதே எல்லா அபாயத்துக்கும் மருந்தென்று நினைப்பதும் பிழை. தீவின் வடகீழ்ப்புறத்தில் 'புனித அருவி' என்றொரு நீர்வீழ்ச்சி உண்டு. இடுங்கிய பள்ளத்தாக்கின் முடிவில் அது விழுகின்றது. 1999-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், அன்னையர் தினமாகிய ஞாயிற்றுக்கிழமையன்று, அதனடியில் மக்கள் நிறைந்திருந்த வேளையில், மேலிருந்து பாறைகள் சரிந்து விழுந்து எட்டுப்பேர் மாண்டனர். அன்று மூடிய அந்தப் பூங்கா பின்னர்த் திறக்கப்படவில்லை. மலைக்கு நம் எண்ணிக்கை ஒரு பொருளன்று.

மலையில் உள்ள உயிர்களும் ஒரு சொல் கேட்டு நிற்கின்றன. வழியடியில் நடப்பவன் காணும் மரஞ்செடிகளிற் பெரும்பாலன வெளிநாட்டவை. கொய்யாவும் மாவும் காட்டில் வளரும். நாம் கொல்லையில் வளர்க்கும் சவுக்கு அங்கு முகட்டிலே நின்று ஓலமிடும். வழியிற் கத்தும் மைனா, 1865-இல் பயிர்ப்புழுக்களை உண்பதற்கென்று இந்தியாவினின்று கொண்டுபோகப்பட்டது. குறுக்கே ஓடும் கீரியின் முன்னோரும் நம் நாட்டவையே. கல்கத்தாவினின்று ஜமெய்க்காவுக்கும், 1883-இல் அங்கிருந்து ஹவாயிக்கும், கரும்புத் தோட்டத்து எலிகளைக் கொல்ல ஏற்றப்பட்டன. எலி பெரிதும் இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது என்பதை ஏற்றினவர் எண்ணவில்லை. கீரிகள் பறவைகளின் முட்டையை உண்டு பெருகின. மேலே ஏற ஏறத்தான், செம்மலர் பூக்கும் 'ஓஹியா' முதலிய அத்தீவுக்கே உரிய மரங்கள் தோன்றும். அவற்றின் இலைகளில், மணிகளைப் போல நிறமும் வரியும் கொண்ட மரநத்தைகள் வாழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்குச் சென்ற சிறுவரும் பெரியோரும் அவற்றின் ஓடுகளை ஆயிரக்கணக்கிற் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். பின்பு எலி சில தின்றது. 1955-இல் வேறொரு நத்தையை ஒழிக்கக் கொண்டுவந்த ஊனுண்ணி நத்தை பல தின்றது. ஓவாஹுவுக்கே உரிய அந்த மரநத்தையினம் முழுவதும் 1981-இல் அழிவுநிலை உயிராக அறிவிக்கப்பட்டது. ஓஹியா மரத்துக்கும் இப்போது கேடு வந்திருக்கின்றது. 2014-இல் பெரிய தீவிற் கண்டறியப்பட்ட ஒருவகைப் பூஞ்சணநோய் 2019-இல் ஓவாஹுவிலும் காணப்பட்டது. அது காலணியில் ஒட்டிய மண்ணோடும் செல்லும். ஆதலால் காட்டுக்குள் நுழையுமுன்னும் வெளிவந்த பின்னும் காலணியைத் தேய்த்து, சாராயநீர் தெளித்துத் துடைக்குமாறு வேண்டுகின்றனர். நடப்பவன் காலே மரத்துக்கு எமனாகலாம்.

இவையெல்லாம் இருக்க, சங்கத்தாரின் மெய்யான உழைப்பு நடையில் அன்று, வழியைத் திறந்து வைப்பதிலேயே உள்ளது. ஓவாஹுவின் மலைவழிகள் தாமாக ஏற்பட்டவை அல்ல. கால்நடைகள் மேய்ந்து மலைகளை மொட்டையாக்க, கரும்புத் தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் நீர் குன்றுமென்று அஞ்சி, 1903 முதல் அரசாங்கத்தார் காடுகளை ஒதுக்கிக் காத்தனர். 1930-களில், வேலையற்ற இளைஞர்க்கு வேலை தரும்பொருட்டு அமெரிக்க அரசாங்கம் நிறுவிய வனப்பணிப் படையினர், அக்காடுகளினூடே பல வழிகளை வெட்டினர். கோவோலாவ் முகட்டு நெடுவழி அவர்கள் வேலையே. வெட்டிய கைகள் யுத்தம் வந்ததும் வேறு பணிக்குச் சென்றன. அத்தகைய மழைநாட்டில் வெட்டாத வழி ஓரிரண்டு ஆண்டுகளிலேயே பெரணிக்குள் மூழ்கும். 1941-இல் அங்கு முதன்முதற் காணப்பட்ட, மயிர் நிறைந்த இலையுடைய 'கிளிடெமியா' என்னும் புதரும் பின்னர்ப் பரவிச் சேர்ந்துகொண்டது. ஆதலால் சங்கத்துத் தொண்டர் குழு ஒன்று, நடைநாளுக்கு முன்பே வெட்டரிவாளும் கத்தரியும் ஏந்திச் சென்று வழியைத் திருத்துகின்றது. முழங்கால் வரை சேறு. முழங்கை வரை கீறல். அடுத்த நாட்களில் அவ்வழியே எளிதாக நடப்பவர், இது இயற்கையாகவே இப்படி இருப்பதென்று எண்ணிச் செல்வர்.

இதற்கும் மேலே ஒரு தடை உண்டு. அது நிலத்தின் உரிமை. மலையடிகளிற் பல தனியார், இராணுவத்தார், அரசாங்கத்தார் கையில் உள்ளன. கோவோலாவுக்கு ஏறும் சில வழிகளிற் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். யாரோ ஒருவர் வந்து கேட்டால் உரிமையாளர் தயங்குவது இயல்பு. விழுந்தால் வழக்கு வரும், குப்பை போட்டால் யாரைக் கேட்பது? பெயரும் பொறுப்பும் உடைய சங்கம் கேட்கும்போது அத்தயக்கம் குறைகின்றது.

பொறுப்பேற்பார் இல்லாதபோது என்னாகும் என்பதற்கு ஹாயிக்கூப் படிகளைப் பார்க்கலாம். இரண்டாம் உலகயுத்தத்தில், 1942-ஆம் ஆண்டு தொடங்கி, பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பியில்லாத் தந்திக்குரிய பெருங்கம்பிகளைக் கட்டும்பொருட்டு, கடற்படையார் செங்குத்தான மலைமுகத்தில் ஏணிப்படி அமைத்தனர். முதலில் மரமாயிருந்து பின்னர் இரும்பாக்கப்பட்ட அப்படிகள் 3,922. ஏறுவோர் தொகை பெருகவே 1987-இல் பொதுமக்களுக்கு அது மூடப்பட்டது. நகராட்சியார் 2003-ஆம் ஆண்டளவில் 8,75,000 டாலர் செலவிட்டுப் பழுது பார்த்தனர்; எனினும் அடிவாரத்துக்குச் செல்லும் முறையான வழி குடியிருப்புகளினூடன்றி இல்லாமையால் திறக்கவில்லை. மூடிய படியில் இருட்டோடிருட்டாக ஏறுவோர் நாளுக்கு நாள் மிகுந்தனர். விடியுமுன் வீட்டு வேலி தாண்டுவோரையும், நாய் குரைப்பதையும், தெருவில் எறிந்த புட்டிகளையும் அங்குக் குடியிருந்தோர் எத்தனை ஆண்டு பொறுப்பர்? 2021-இல் நகரசபை படிகளை அகற்றிவிடத் தீர்மானித்தது. 2024-இல் அவ்வேலை தொடங்க, காக்க விரும்புவோர் வழக்காடினர். படிகளைக் காத்து, கட்டணம் வாங்கி, எண்ணி அனுப்பலாம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் படிகள் மூடிக்கிடந்த முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், திருட்டுத்தனமாய் ஏறிய பல்லாயிரவரில் ஒவ்வொருவரும், தான் ஒருவன் ஏறுவதால் என்ன கெடும் என்றே எண்ணியிருப்பர்.

பெருங்கூட்டம் மலைக்குத் தீங்கே செய்யாது என்றும் சொல்வதற்கில்லை. ஈரநாளில் ஐம்பது பேர் நடந்த வழி, மறுநாள் உழுத வயல்போலக் கிடக்கும். சங்கத்தாரும் இதனை அறிவர். வழியில் வெட்டிய கிளைகளைச் சேற்றின்மேற் பரப்பியும், நீர் ஓட வாய்க்கால் கீறியும், கடைசியாக வருபவர் கையிலும் ஓர் அரிவாள் இருக்கும்படி பார்த்துக்கொண்டும், நடந்த வழியைத் தாமே திரும்பவும் திருத்துகின்றனர்.