உங்களுக்குத் தெரியுமா? மூட்டைக்குள் பூஞ்சண வண்டு

கொல்லிமலை வாசலூர்பட்டி போன்ற ஈரக்காற்று வீசும் மலையூர்களில், சாமை மூட்டையில் சின்னஞ்சிறு பழுப்பு வண்டு தென்பட்டால் பூச்சிமருந்தைத் தேடுமுன் உருப்பெருக்கியில் பாருங்கள். ஏறத்தாழ 3 மி.மீ. நீளம், இறக்கையுறை மேல் வரிசை வரிசையாய் மென்மயிர், தடித்த 3 கணுக்களில் முடியும் உணர்கொம்பு, கூன்வண்டுக்குரிய நீள்மூக்கு இல்லாமை: இத்தனையும் பொருந்தினால், 1758இல் லின்னேயஸ் விவரித்த டைஃபீயா ஸ்டெர்கோரியா என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அதன் முதன்மை உணவு தானியமல்ல, ஈரத் தானியத்தில் படரும் பூஞ்சணம். அப்படியானால் விட்டுவிடலாமே என்றால், கூடாது. பூஞ்சண வித்துகளை உடலில் சுமந்து பரப்பக்கூடியது அது. ஆனால் வண்டை மட்டும் கொன்றால் ஈரம் அப்படியே இருக்கும், பூஞ்சணமும் வளரும். முதலில் வேண்டியது, தானியத்தை நன்றாகக் காயவைப்பது.