உளமருத்துவக் குறிப்பேடும் கணினிக் காப்பும்

காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவன் அதனை அயலவர்க்கு ஒளிப்பதில்லை. உளநோய்க்கு மருந்து வாங்கியவனோ கிளினிக் கொப்பியை அரிசிப் பானைக்குள் மறைத்து வைப்பான். இவ்வேறுபாட்டை உணராதார், உளமருத்துவப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் முயற்சியின் அருமையையும் உணரார்.

அமர்வுகளைப் பதிதல் இன்றியமையாததே. உறக்கம் எவ்வாறு, மருந்தளவு யாது, சென்றமுறை கூறிய அச்சம் தணிந்ததா என்பன தொடர்ந்து குறிக்கப்படாவிடின், நோயாளி தன் துயரை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து சொல்ல நேரும். 2004 டிசம்பர் 26 கடல்கோளின் பின் மட்டக்களப்புக் கரைக்கு ஆறுதல் கூறப் பல அமைப்புகள் வந்தன. அவற்றின் உளசமூகப் பணிகளை இணைத்தற்கென 2005இல் 'மாங்குரோவ்' என்னும் அமைப்பு இங்குத் தோன்றிற்று. பிள்ளையை இழந்த தாய் அவ்விழப்பைப் பலர்முன் திரும்பத் திரும்ப உரைப்பது எத்துணைக் கொடுமை! ஒழுங்கான பதிவு அதனைத் தவிர்க்கும்.

ஆயின் அப்பதிவு பிறர் கையில் வீழ்ந்தால் விளைவது யாது? பின்லாந்தில் வாஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தின் ஏடுகள் களவாடப்பட்டமை 2020இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 33,000 பேரின் அந்தரங்கம் அவற்றில் இருந்தது. நிறுவனத்திடம் கேட்ட பணம் கிடையாதபோது நோயாளர்க்கே நேரில் மிரட்டல் எழுதப்பட்டது. அத்தரவுகள் மறைகுறியாக்கம் செய்யப்படாது கிடந்தன என்பதே வியப்பு.

மறைகுறியாக்கம் என்பது எழுத்தைத் திறவுகோலின்றி வாசிக்கவியலா உருவிற்கு மாற்றுதல். 2001இல் அமெரிக்கா நியமமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறை இன்று எளிய கணினியிலும் இயங்கும். மருத்துவரின் கணினியிலேயே குறிப்பைப் பூட்டி, பூட்டிய உருவை மட்டும் வெளியே அனுப்பின், நடுவிலுள்ள சேவையகம் அதனை அறியாது. திறவுகோலை இழந்தால் ஏடும் இழக்கப்படுமே எனின், அதற்கும் வழியுண்டு: திறவுகோலை மூன்று கூறாக்கி, எவையேனும் இரண்டு சேர்ந்தால் மட்டும் திறக்குமாறு செய்யும் கணிதத்தை அடி ஷமீர் 1979இல் வகுத்தார். மருத்துவர், தாதி, வைத்தியசாலைப் பணிப்பாளர் ஆகிய மூவரிடம் அக்கூறுகளை ஒப்படைக்கலாம்.

பூட்டினும் அரியது பெயர் மறைத்தல். பெயரை நீக்கினாற் போதும் எனப் பலர் எண்ணுவர். அஞ்சற் குறியீடு, பிறந்த தேதி, பால் என்னும் மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்து இனங்காணலாம் என லதான்யா ஸ்வீனி 2000இல் காட்டினார். பெருநாட்டின் நிலை அதுவாயின், படுவான்கரைச் சிற்றூரின் நிலை என்னாம்! ஈண்டு ஊர், குடி, வயது என மூன்று சொன்னால் நான்காவதாகப் பெயரைக் கேட்பார் இலர், அவர்களே சொல்லிவிடுவர். ஏட்டைத் திறக்கும் எழுதுநர் நோயாளிக்கு மச்சானாகவும் இருக்கலாம். ஒரு சொல் வெளிப்பட்டால் தங்கையின் கலியாணம் நின்றுவிடும். ஆதலின், மேலிடத்துக்குச் செல்லும் அறிக்கையில் ஊருக்குப் பதில் பிரதேச செயலகப் பிரிவும், வயதுக்குப் பதில் பத்தாண்டு வரம்பும் இடம்பெறுதல் வேண்டும். ஐவரினும் குறைந்த தொகையை வெளியிடலாகாது. யார், எந்நேரத்தில், எவர் ஏட்டைத் திறந்தார் என்பதை மென்பொருள் தானே குறிக்க வேண்டும். உரையாடலின் உள்ளீடு மருத்துவர்க்கன்றி எழுதுநர்க்குத் தெரியலாகாது.

நினைவூட்டற் செய்தியும் அவ்வாறே. வீட்டுக்கு ஒரே தொலைபேசி எனின், அதனை முதலில் எடுப்பவர் மாமியாராகவும் இருப்பார். 'நாளை காலை 9 மணி' என்பதே போதும். கிளினிக்கின் பெயர் வேண்டா.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக வகுத்துள்ளது. தற்கொலை முயற்சி 1998 வரை இந்நாட்டிற் குற்றமாயிருந்தது. அக்காலத்து ஏடு பொலிசாருக்கும் சான்றாகக்கூடியது. அச்சம் முற்றும் மறைந்திருக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

மறைவு காத்தற்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளி பிறரைக் கொல்வதாகக் கூறின், ஆபத்துக்குள்ளாவோரைக் காக்கும் கடமை மருத்துவர்க்குண்டு எனக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தராசோப் வழக்கிற் தீர்த்தது. அத்தகைய வேளையில் மறைவை நீக்கும் அதிகாரத்தை மென்பொருள் மருத்துவர் ஒருவர்க்கே அளித்து, நீக்கிய காரணத்தை அவர் எழுதிய பின்னரே ஏட்டைத் திறந்துகாட்டுதல் வேண்டும்.