சொந்தப் பொறுப்பில் நாவல் வெளியீடு: ஜேன் ஆஸ்டின் கண்ட வரவு செலவு

நாவல் எழுதுவது ஒரு வேலை. எழுதியதை நூலாக்கி விற்பது வேறொரு வேலை. நம் நாட்டுத் தமிழ் நாவலாசிரியர்களிற் பலர் இவ்விரண்டையும் தாமே செய்ய வேண்டியவர்களாய் இருக்கின்றனர். அச்சகத்திற்கு முன்பணம் கட்டி, வெளியீட்டு விழா நடத்தி, விற்காத படிகளை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவன். "பதிப்பகத்தார் ஏற்காத நூலைத்தான் ஆசிரியரே அச்சிடுவார்" என்று இதனைத் தாழ்வாகப் பேசுவோர் உண்டு. அது சரியா என்பதை, ஆங்கில நாவலாசிரியர்களுள் தலைசிறந்த ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் (1775–1817) வரவு செலவைக் கொண்டு ஆராய்வோம்.

இரு வழிகள்

அக்காலத்து இங்கிலாந்தில் நூல் வெளியிட முக்கியமான வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, நூலின் உரிமையை ஒரு தொகைக்கு விற்றுவிடுவது. அதன்பின் வரும் இலாபமும் நட்டமும் பதிப்பாளரைச் சேரும். மற்றொன்று, ஆசிரியர் தம் பொறுப்பில் வெளியிடுவது. தாள், அச்சு, விளம்பரச் செலவுகள் ஆசிரியருடையவை. பதிப்பாளர் நூலை விற்றுத் தம் கழிவை எடுத்துக்கொள்வார். உரிமை ஆசிரியரிடமே நிற்கும்.

அம்மையார் இரண்டையும் செய்து பார்த்தவர்.

விற்ற உரிமை

1803ஆம் ஆண்டில் 'சூசன்' என்னும் நாவலின் உரிமை 10 பவுனுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதனை அச்சிடவேயில்லை. 1809இல் அம்மையார் புனைபெயரில் கடிதம் எழுதிக் கேட்டபோது, அதே 10 பவுனைக் கொடுத்தால் கையெழுத்துப் படியைத் திருப்பித் தருவதாகவும், வேறிடத்தில் அச்சிட்டால் தடுக்கப் போவதாகவும் மறுமொழி வந்தது. 1816இல்தான் அது மீட்கப்பட்டது. 'நார்தேங்கர் ஆபி' என்னும் பெயரில் அது நூலாக வந்தது 1817 டிசம்பரில். அம்மையார் அவ்வாண்டு ஜூலையிலேயே மறைந்துவிட்டார்.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் கதையும் எண்ணத்தக்கது. அவர் 150 பவுன் எதிர்பார்த்தார். 110 பவுனுக்கு உரிமையை விற்றார். 1813 ஜனவரியில் வெளிவந்த அந்நூல் அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பையும் கண்டது. உரிமையை விற்றுவிட்டமையால் அதன் இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை.

காத்த உரிமை

1811இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' சொந்தப் பொறுப்பில் வெளியிடப்பட்டதே. நட்டம் நேரும் என்று அஞ்சிய அம்மையார், தம் சிறு வருவாயிலிருந்து அதற்கென ஒரு தொகையை முன்னதாகவே ஒதுக்கி வைத்தார் என்று அவருடைய தமையனார் ஹென்றி எழுதியுள்ளார். மூன்று பாகமுள்ள அந்நூலின் விலை 15 ஷில்லிங். 1813 ஜூலைக்குள் படிகள் அனைத்தும் விற்று 140 பவுன் இலாபம் தந்தன. உரிமையும் கையில் இருந்தது.

ஆயினும், சொந்தப் பொறுப்பு எப்போதும் ஆதாயமே தரும் என்று கருதிவிடலாகாது. ஜான் மர்ரி என்னும் பதிப்பாளர், 'எம்மா'வுக்கும் முன் வந்த இரு நாவல்களுக்குமாகச் சேர்த்து 450 பவுன் தர முன்வந்தார். அம்மையார் மறுத்துத் தம் பொறுப்பிலேயே வெளியிட்டார். 1815 டிசம்பரில் வெளியான 'எம்மா' 2,000 படிகள் அச்சாகி, முதற் கணக்கில் 221 பவுன் இலாபம் காட்டியது. ஆனால், 1816இல் அச்சிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு விலைபோகாமல் 182 பவுன் நட்டம் தந்தது. அதனைக் கழித்தபின் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 39 பவுனே.

நமக்குரிய பாடம்

இக்கணக்கு எனக்குப் புதியதன்று. சிறிய அளவில் நானே பட்டறிந்தது. என் கதைநூலின் முதற் பதிப்பு 500 படிகளும் வெளியீட்டு விழாவிலும் நண்பர்கள் வழியாகவும் தீர்ந்தன. அந்த மகிழ்ச்சியில் மீண்டும் 500 அச்சிட்டேன். அவற்றுள் பாதிக்கு மேல் இன்றும் என் வீட்டில் உள்ளன. விழாவில் உறையிட்டுப் பணம் தந்து நூலைப் பெற்றவர்கள் என்மீது அன்புடையவர்கள். அவர்கள் எல்லாரையும் நூலின் வாசகர்கள் என எண்ணியது என் பிழை.

ஆகவே, சொந்தப் பொறுப்பில் வெளியிடுவது நூலின் தரக்குறைவுக்குச் சான்றாகாது. அஃது உரிமையைக் காக்கும் வழி. அதற்குரிய விலையை ஆசிரியரே கொடுக்கிறார். அச்சகத்திற்குச் செல்லுமுன், போனால் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று கணக்கிட்டுத் தனியே வைக்க வேண்டும். மறுபதிப்புக்கு முன், வாங்கியவர்களில் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டறிய வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்குமுன், இத்தனை ஆண்டுக்குள் அச்சிடாவிட்டால் உரிமை ஆசிரியர்க்கே திரும்பும் என்னும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருப்பின், அம்மையார் தம் 'சூசன்' அச்சில் வந்ததைக் கண்ணால் கண்டிருக்கக்கூடும்.