கடன் தீர்ந்தது, பதிவு தீரவில்லை

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்தைக் காவலூர் வானாய்வகத்துக்குச் செல்லும் வழியில் உள்ள ஊராகவே வெளியூர்க்காரர் பலர் அறிவர். இவ்வூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் நாள்தோறும் காலையில் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் காலணித் தொழிற்சாலை வேலைக்குப் பெண்கள் செல்கின்றனர். மாதச் சம்பளம், அது வந்து சேரும் வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி எண் ஆகிய மூன்றும் அவர்களைக் கடன் நிறுவனங்களின் கண்ணில் படவைத்தன. தனிநபர் கடன், தவணையில் கைப்பேசி, கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை, மகளிர் குழு வழியே நுண்கடன் என ஒரே வீட்டுக்குள் நான்கு வகைக் கடன் நுழைவது இங்கு வியப்புக்குரியதன்று.

இந்தச் சம்பளத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கொள்முதலாளர்கள் ஆர்டரை நிறுத்தினால், இங்கே கூடுதல் நேர வேலை முதலில் நிற்கும். பிறகு வேலை நாட்கள் குறையும். 2020 பொதுமுடக்கத்தில் அது நடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி அதே அச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வேலை நாள் குறைந்தாலும் தவணைத் தேதி மாறுவதில்லை.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கடன் அறிக்கையை எடுத்துவந்து பொருள் கேட்கும் சிலருக்கு அதைப் படித்துச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருபவர்களில் பலர் கடனைக் கட்டாதவர்கள் அல்லர்; கட்டி முடித்தவர்கள். தவறிய தவணைகளுக்காக நிறுவனத்துடன் பேசி, ஒரு தொகைக்கு உடன்பட்டு, நகையை விற்றோ உறவினரிடம் வாங்கியோ அதைச் செலுத்திவிட்டவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ இருசக்கர வாகனத்துக்கோ விண்ணப்பித்து, மறுக்கப்பட்ட பின்னரே அறிக்கையைப் பார்த்திருக்கின்றனர். "எல்லாம் கட்டியாச்சே, இன்னும் ஏன் இப்படிக் காட்டுது?" என்பதுதான் அவர்கள் அனைவரின் கேள்வி.

விடை அறிக்கையில் உள்ள ஒரு சொல்லில் இருக்கிறது. கடனை முழுவதுமாகச் செலுத்தினால் கணக்கின் எதிரே 'குளோஸ்டு' என்று பதிவாகும். ஒரு லட்சம் நிலுவையில் 60 ஆயிரத்தைப் பெற்றுக்கொண்டு மீதியை நிறுவனம் விட்டுக்கொடுத்தால் 'செட்டில்டு' என்று பதிவாகும். வாராக்கடன் என ஏற்கெனவே கணக்கிலிருந்து நீக்கியிருந்தால் 'ரிட்டன் ஆஃப்'. பேச்சுத் தமிழில் 'செட்டில் பண்ணியாச்சு' என்றால் தீர்த்துவிட்டோம் என்று பொருள். அதே சொல்லை அடுத்த வங்கியின் கணினி, முழுத்தொகையைத் திருப்பித் தராதவர் என்று படிக்கிறது. வசூலுக்கு வரும் முகவர் முதல் பொருளில் பேசுகிறார். இரண்டாம் பொருளைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அரசின் சலுகைகளிலும் இந்த நுட்பம் உண்டு. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான தவணை ஒத்திவைப்பு எவருடைய கடன் வரலாற்றையும் பாதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது. ஆனால் 2020 ஆகஸ்ட் 6 அன்று அறிவித்த கடன் மறுசீரமைப்புத் திட்டத்தில், கணக்கு 'கோவிட் காரணமாக மறுசீரமைக்கப்பட்டது' என்றே பதிவாக வேண்டும் என்றது. ஆறு மாத இடைவெளியில் வந்த இரு உதவிகளில் ஒன்று தழும்பு விடாதது, மற்றொன்று தழும்போடு வந்தது. பயன்பெற்ற தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

எங்கள் பகுதி மளிகைக் கடைகளில் இன்றும் கணக்கு நோட்டு இருக்கிறது. பாக்கி அடைந்ததும் கடைக்காரர் அந்தப் பக்கத்தின் மீது குறுக்கே கோடு இழுப்பார். மறுநாளே புதிய பக்கம் தொடங்கும். வீட்டில் சாவு விழுந்து இரண்டு மாதம் தாமதமானது என்பதை அவர் அறிவார், கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் செய்வார். அந்த முறையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. சாதி பார்த்தும் தெரு பார்த்தும் கடன் மறுத்த நோட்டும் அதுதான். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனமும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டமும் முகம் பாராத கணக்கைக் கொண்டுவந்தன. அதன் நன்மை பெரிது. குறை, கோடு இழுக்கும் பழக்கம் அதற்கு இல்லாததுதான்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதகமான தகவல்களைப் பொதுவாக ஏழு ஆண்டுகளுக்கு மேலும், திவால் பதிவைப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் அறிக்கையில் காட்டக் கூடாது. பிரிட்டனில் ஆறு ஆண்டுகள். இவை உச்ச வரம்புகள். நம் நாட்டின் விதிகளோ, கடன் தகவலைக் 'குறைந்தது' ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. மறக்க வேண்டிய நாளைப் பிற நாடுகள் குறித்துவைத்துள்ளன. நினைவில் வைத்திருக்க வேண்டிய நாளை மட்டும் நாம் குறித்துள்ளோம்.

இது கடன் வாங்குவதோடு நிற்கும் செய்தியன்று. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன்களை முன்னரே அடைத்துவிட்டேன் என்ற விண்ணப்பதாரரின் வாதம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பட்டம் பெற்று வங்கித் தேர்வு எழுதும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிறைந்த பகுதியில் இத்தீர்ப்பு கவலையோடு படிக்கப்பட வேண்டியது.

இனி, கடனை முடித்தவர் என்ன செய்யலாம்? முதல் வேலை புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பதன்று. பழைய கணக்குகள் எப்படிப் பதிவாகியுள்ளன என்று பார்ப்பது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் பார்ப்பது நல்லது. ஒன்றில் முடிந்த கணக்கு மற்றொன்றில் உயிரோடு இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தவறிருந்தால் இணையத்தில் முறையிடலாம், கட்டணமில்லை. 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. 'சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்று சுவரொட்டி ஒட்டி 5 ஆயிரமும் 10 ஆயிரமும் வாங்குவோர் செய்வது பெரும்பாலும் இதே முறையீட்டைத்தான். உண்மையான பதிவை அவர்களாலும் அழிக்க முடியாது.

முறையீட்டுக்குக் கையில் தாள் வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்றை நிறுவனத்தின் முத்திரையோடு பெற்று வைத்திருக்க வேண்டும். முகவரின் வாட்ஸ்அப் செய்தி சான்றாகாது. கடன் அட்டையானால் இன்னொரு படி உண்டு. பாக்கியைச் செலுத்தினால் அட்டை தானாக முடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது திறந்தே கிடந்து, ஆண்டுக் கட்டணமும் அதன் மீதான வரியும் ஏறி, 600 ரூபாய்க்குப் புதிய தவறிய கணக்காக முளைக்கும். எழுத்தில் முடிக்கச் சொன்னால், பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் என 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது.

'செட்டில்டு' என்று உண்மையாகவே பதிவான கணக்கை மாற்ற வழி ஒன்றுதான்: விட்டுக்கொடுத்த மீதியைச் செலுத்தி, முழுமையாக முடிந்தது என்று எழுதிவாங்கி, அதைப் பதிவேற்றச் சொல்வது. வட்டியும் அபராதமும் எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுப் பேரம் பேசலாம். முடியாதவருக்குக் காத்திருப்பதே வழி. 2023 ஜூன் 8 அன்று வந்த ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் புதிய கடன் தர, வேளாண்மை அல்லாத கடன்களில் குறைந்தது 12 மாதங்கள் கழிய வேண்டும். கழிந்தபின் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. இந்தக் காலத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பிப்பது தீங்கு. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாக ஏறி, மதிப்பெண்ணைச் சற்றுச் சற்றாகக் குறைக்கும்.

புதிய வரலாற்றைத் தொடங்க எளிய வழி, வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துப் பெறும் கடன் அட்டை. 20 ஆயிரம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டால் அதில் பெரும்பகுதியை வரம்பாகக் கொண்ட அட்டை கிடைக்கும். பிணை இருப்பதால் பழைய மதிப்பெண்ணைப் பல வங்கிகள் பெரிதுபடுத்துவதில்லை. வைப்புக்கு வட்டியும் வரும். வரம்பில் 30 விழுக்காட்டுக்குள் மட்டும் செலவிட்டு, மின்கட்டணம், எரிவாயு உருளை போன்ற எப்படியும் செய்யும் செலவுகளுக்குப் பயன்படுத்தி, தேதிக்கு முன் முழுத்தொகையையும் செலுத்தினால் போதும். அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி 36 மாதங்களின் செலுத்து வரலாறு தெரியும். நல்ல மாதங்கள் சேரச் சேரக் கெட்ட மாதங்கள் பின்னுக்குப் போகும். நகைக்கடனும் இந்தப் பதிவில் ஏறுவதுதான். உரிய தேதியில் மீட்டாலும் புதுப்பித்தாலும் அதுவும் துணை நிற்கும்.

'முழுத்தொகை' என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அட்டையின் மாத வட்டி 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். 10 ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு வட்டி 350, அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 63, ஆக 413. 'குறைந்தபட்சத் தொகை' என்று 500 ரூபாய் கட்டுபவருக்கு அசலில் குறைவது 87 ரூபாய். அட்டை வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் இட்ட உத்தரவை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே உச்ச வரம்பு ஒன்று காப்பாற்றும் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம். மாதம் முழுத்தொகை செலுத்த இயலாது என்று தோன்றுபவர் அட்டையே இல்லாமல் இருப்பது மேல். நகைக்கடன் ஒன்றே அவருக்குப் போதுமான வரலாறு.

மறுக்கப்பட்டவர் போகும் இடத்தை நாம் அறிவோம். பல வங்கிகள் 750 மதிப்பெண்ணை ஏறத்தாழ நுழைவாயிலாக வைத்துள்ளன. குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகும் கிளைகளில் நிலை இதுதான். கந்துவட்டிக்காரருக்கு மதிப்பெண் தேவையில்லை. ஒருமுறை சரியாகக் கட்டி முடித்தவரை அங்கே தள்ளுவது, ஒழுங்காகக் கட்டும் பழக்கத்துக்கே தண்டனை.

நிலைமையை மாற்ற இயலாது என்பதும் உண்மையன்று. 2025 நவம்பரில், அமெரிக்க வரியால் பாதிக்கப்பட்ட ஏற்றுமதித் துறைகளின் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பு அளித்தபோது, அச்சலுகை அவற்றின் கடன் வரலாற்றைப் பாதிக்கக் கூடாது என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. நியாயமான கட்டளை. அதே ஆர்டர் நின்றதால் வேலை நாள் இழந்து, தன் சொந்தக் கடனில் தவணை தவறிய தையல் பிரிவுப் பெண்ணுக்கு அக்கட்டளை பொருந்தாது. முதலாளியின் கணக்கில் விலக்கப்படும் காரணம் தொழிலாளியின் கணக்கில் அவருடைய குணமாகப் பதிவாகிறது.

பாதகமான பதிவுக்கு உச்ச வரம்பு விதிக்கச் சட்டத் திருத்தம் வேண்டியிருக்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையெழுத்து வாங்கும் தீர்வுக் கடிதத்திலேயே, இக்கணக்கு எந்தச் சொல்லால் பதிவாகும், இன்னும் எவ்வளவு செலுத்தினால் 'குளோஸ்டு' ஆகும் என்பதைக் கடன்தாரரின் மொழியில் அச்சிட வேண்டும். ஆங்கிலத்தில் நெருக்கமாக அடிக்கப்பட்ட இரண்டு பக்கங்களுக்கு நடுவே தமிழில் இரண்டு வரிகள். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும்.