லே பயணத்துக்கு மூட்டை கட்டுமுன்

தில்லியிலிருந்து காரிலேயே மணாலி வழியாக லே போக, நடுவில் சர்ச்சுவில் கூடாரமடித்துத் தங்க நினைக்கும் அன்பர்கள் முதலில் பார்க்க வேண்டியது எடையை. கார்க் கையேட்டில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் சேர்த்து வரம்பு. சிறிய காரில் அது பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டியிருக்கும். ஐந்து பேர் ஏறினாலே 300 போய்விடும். சரக்கு வேகனுக்குச் சொல்லும் விதிதான் இதற்கும்: கனமானது கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவே. அரிசி, தண்ணீர், கருவிப்பெட்டி எல்லாம் பின்னிருக்கையை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். கூரைமேல் படுக்கை மட்டும் போதும்.

சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரம். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. குக்கரோடு மாற்று காஸ்கெட்டும் வேண்டும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதற்குப் பதில் கம்பளிக்கு இன்னும் ஐந்து கிலோ ஒதுக்குங்கள்.

ஒரே நாளில் சர்ச்சு ஏறாமல் ஜிஸ்பாவில் ஓர் இரவு தங்குவது நல்லது. தலைவலியும் வாந்தியும் மிஞ்சினால் இரவென்று பாராமல் கீழே இறங்க வேண்டும். வண்டியை ரோட்டைப் பார்த்தே நிறுத்துங்கள். டார்ச்சும் சாவியும் தலைமாட்டில் இருக்கட்டும்.