வளர்ப்புப் பெற்றோர் ஆவது எப்படி?

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பது பழமொழி. ஆதரவில்லாத பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இன்று இதற்குச் சட்டம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதை ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று சொல்கிறது.

எந்தப் பிள்ளைகளுக்கு?

சில பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இல்லை. சிலருடைய பெற்றோர் சிறையில் இருக்கலாம். தீராத நோயில் படுத்திருக்கலாம். பிள்ளையை அடித்துத் துன்புறுத்தியவர்களாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் காப்பகங்களில் வளர்கிறார்கள். அங்கே சோறு கிடைக்கும். துணி கிடைக்கும். ஆனால் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும். அதற்குக் குடும்பம் வேண்டும். பொதுவாக 6 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் இந்த முறையில் குடும்பங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

தத்து வேறு, இது வேறு

தத்து எடுத்தால் பிள்ளை அந்தக் குடும்பத்துக்கே சொந்தம். சொத்திலும் உரிமை உண்டு. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். அவர்கள் திருந்தி, பிள்ளையை வளர்க்கும் நிலைக்கு வந்தால், பிள்ளை அவர்களிடமே திரும்பிப் போகலாம். அன்று மனம் கனக்கும். அதற்கும் தயாராக இருப்பவர்களே இதற்கு முன்வர வேண்டும்.

திரும்பிப் போக இடமில்லாத பிள்ளைகளும் உண்டு. ஒரு பிள்ளை அதே வீட்டில் 2 ஆண்டுகள் வளர்ந்த பிறகு, அந்தக் குடும்பமே அதைத் தத்து கேட்கலாம். பிள்ளை தத்து கொடுக்கத் தக்கது என்று சட்டப்படி முடிவாகியிருக்க வேண்டும். முன்பு இதற்கு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் அதைக் குறைத்தன.

யார் விண்ணப்பிக்கலாம்?

கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பிக்கலாம். இருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். இருவர் வயதையும் கூட்டினால் 70-க்குக் குறையக் கூடாது. கணவருக்கு 38, மனைவிக்கு 33 என்றால் கூட்டுத் தொகை 71. அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

திருமணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் ஆகியோரும் 2024 முதல் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். தனியாக வாழும் ஆண், ஆண் பிள்ளையை மட்டுமே வளர்க்கலாம்.

பெரிய வீடு, கார் எல்லாம் தேவையில்லை. பிள்ளைக்குப் போதுமான இடம், அடிப்படை வசதி, செலவைத் தாங்கும் வருமானம், நல்ல உடல்நிலை ஆகியவை வேண்டும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். அங்கே விண்ணப்பிக்கும் முறையைச் சொல்வார்கள். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பார்ப்பார். வீட்டில் உள்ள எல்லோரிடமும் பேசுவார். தெரிந்தவர்களிடமும் விசாரிப்பார். இதைக் கண்டு கோபப்படக் கூடாது. ஒரு பிள்ளையை நம்பி ஒப்படைக்கிறார்கள். விசாரிக்காமல் ஒப்படைக்க முடியுமா?

பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். உடன்பிறந்த பிள்ளைகள் இருந்தால், கூடியவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கடைசியில் உத்தரவு கொடுப்பது குழந்தைகள் நலக் குழு. அதில் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பார்கள். வளர்ப்புப் பெற்றோர் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பிள்ளை வந்த பிறகு

பள்ளிக்கு அனுப்புவதும், மருத்துவம் பார்ப்பதும், சத்தான உணவு கொடுப்பதும் வளர்ப்புப் பெற்றோரின் பொறுப்பு. இதற்கு அரசு உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளைக்கு உரியது. மாதம் ஒரு முறை குழந்தைகள் நலக் குழு பிள்ளையின் நலனை நேரில் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்.

உத்தரவு ஏன் வேண்டும்?

“சும்மா வைத்து வளர்த்தால் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். ‘வளர்க்கிறோம்’ என்று சொல்லிப் பிள்ளையை அழைத்துப் போய், பாத்திரம் தேய்க்கவும் ஆடு மேய்க்கவும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பணத்துக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. உத்தரவோடு போகும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். மாதாமாதம் அதைக் கேட்க ஆள் வரும். அதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. நல்ல மனதோடு வளர்ப்பவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ ஒரு பிள்ளை தனியாக நின்றால், யாரும் அதைத் தாமாகவே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்ல வேண்டும். 1098 என்ற தொலைபேசி எண்ணிலும் சொல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. இரவிலும் பகலிலும் பேசலாம்.